பூஞ்சை நச்சை முறிக்கும் பாக்டீரியா: எங்கே வேலை செய்கிறது, எங்கே காலை வாருகிறது

(தானியத்தில் பூஞ்சை விடுகிற நச்சை பாக்டீரியாவால் முறிப்பது பற்றி ஐந்து துறைக்காரர்கள் ஆளுக்கொரு பகுதியாக எழுதியது.)

தீவன ஆலை

பலரும் இடறுகிற இடத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். நச்சு முறிக்கும் பாக்டீரியாப் பொடியைத் தண்ணீரில் கரைத்து, குடோனில் கிடக்கும் மக்காச்சோளத்தின் மேல் தெளிக்கிறார்கள். ஒன்றும் நடக்காது. 14 சதவீத ஈரத்தில் உள்ள சோளத்தின் நீர்ச் செயல்பாடு (நுண்ணுயிர் எடுத்துக்கொள்ளக்கூடிய நீரின் அளவுகோல், 0 முதல் 1 வரை) 0.70 பக்கம். பாக்டீரியா பெருகி வேலை பார்க்க 0.90-க்கு மேல் வேண்டும், பெரும்பாலானவற்றுக்கு 0.95. அதற்குக் கீழே செல் சாகாமல் கிடக்கலாம், ஆனால் வேலை நடக்காது.

சரி, நனைத்துவிடலாம் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டன் சோளத்தில் உலர் பொருள் 860 கிலோ. அதை 30 சதவீத ஈரத்துக்குக் கொண்டுபோனால் மொத்த எடை 1,229 கிலோ. அதாவது 229 லிட்டர் தண்ணீர் ஊற்றி, பிறகு அதே 229 லிட்டரையும் உலர்த்தி வெளியேற்ற வேண்டும். செலவு ஒருபுறம். 0.70-இலிருந்து 0.95-க்குப் போகிற வழியில், 0.80-ஐத் தாண்டியதுமே ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சை எழுந்துகொள்ளும் என்பதுதான் பெரிய ஆபத்து. நச்சைக் குறைக்கப் போய், அந்தப் பூஞ்சை விடுகிற அஃப்ளடாக்சின் என்ற நச்சைச் சேர்த்த கதை ஆகிவிடும்.

ஆகவே பாக்டீரியாவுக்கு ஏற்கெனவே தண்ணீர் இருக்கிற இடம்தான் வேண்டும். விலங்கின் குடல், திரவத் தீவனத் தொட்டி, இவ்வளவுதான். மற்ற இடங்களில் பாக்டீரியாவை விட்டுவிட்டு, அதன் நொதியை மட்டும் எடுத்துப் பயன்படுத்துவதைப் பற்றி யோசிக்கலாம். நொதிக்கும் ஈரம் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். பையில் இருக்கும்போது அதுவும் தூக்கம்தான்.

நுண்ணுயிர் ஆய்வகம்

மேலே சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். "பாக்டீரியா நச்சை முறிக்கிறது" என்று வருகிற பாதி முடிவுகளில் முறிவே இருக்காது. நச்சு செல் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் என்ற லாக்டிக் பாக்டீரியா அஃப்ளடாக்சினைப் பிடிப்பது அப்படித்தான். செத்த செல்லும் பிடிக்கும்.

பிரித்தறிய ஒரே நாளில் நான்கு குழாய் வையுங்கள்: உயிருள்ள செல், 121 டிகிரியில் 20 நிமிடம் ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியில்) கொன்ற செல், செல்லை நீக்கிய மேல்திரவம், வெறும் வளர்ப்பு ஊடகம். நான்கிலும் ஒரே அளவு நச்சு. 0, 24, 48, 72 மணியில் மாதிரி எடுங்கள். செத்த செல் குழாயிலும் அளவு இறங்கினால் அது ஒட்டல். செல் வண்டலைக் கரைப்பானில் குலுக்கி அளந்தால் நச்சு திரும்பி வரும். வெறும் ஊடகத்திலேயே இறங்கினால் பிளாஸ்டிக் குழாயையும் ஊடகத்தின் பிஎச்-ஐயும் சந்தேகப்படுங்கள்.

அஃப்ளடாக்சினில் பிஎச் இன்னும் பெரிய பொறி. பேசில்லஸ் வகைப் பாக்டீரியா வளர வளர ஊடகம் காரமாகும். காரத்தில் அஃப்ளடாக்சினின் லாக்டோன் வளையம் திறந்துகொள்ளும், கருவியில் நச்சைக் காட்டும் உச்சி குறையும், நாம் கை தட்டுவோம். அதே திரவத்தை அமிலமாக்கினால் வளையம் மூடி நச்சு திரும்பி வந்து நிற்கும். வயிற்றுக்குள்ளும் அமிலம்தானே. அதனால் தாங்கல் கரைசலில் பிஎச் 7-இல் பிடித்து வைத்துத்தான் சோதிக்க வேண்டும். முடிவில் ஒரு பங்கை அமிலமாக்கி மறுபடி அளக்க வேண்டும்.

புதிய பாக்டீரியா தேடுபவர்களுக்கு: அஃப்ளடாக்சினையே கொடுத்துத் தேர்ந்தெடுப்பது செலவும் ஆபத்தும். அதன் மூலக்கூறுக்குள் கூமரின் என்ற கரிமப் பொருளின் அமைப்பு இருப்பதால், கூமரினை மட்டுமே கார்பன் உணவாகக் கொடுத்து முதல் சுற்றுத் தேர்வு நடத்தி, தேறியதை மட்டும் உண்மையான நச்சில் சோதிப்பார்கள். கழிவை அப்படியே சிங்க்கில் ஊற்றாதீர்கள். 1 சதவீத சோடியம் ஹைபோகுளோரைட்டில் ஊறவைத்து, பிறகு 5 சதவீதம் வரும்படி அசிட்டோன் சேர்க்க வேண்டும். அசிட்டோனைத் தவிர்த்தால் இடையில் உருவாகும் டைகுளோரைடு தங்கிவிடும், அதுவும் நல்ல பிள்ளை இல்லை.

பன்றித் தீவனம்

கோதுமை, மக்காச்சோளத்தில் ஃபுசேரியம் பூஞ்சை விடுகிற டிஆக்ஸிநிவலினால் நச்சைப் பற்றி யாரும் பேசவில்லையே. சுருக்கமாக டான், பழைய பெயர் வாந்தி நச்சு. கனடாவின் ஒன்டாரியோவில் 2018 மக்காச்சோள அறுவடையைப் படாதபாடு படுத்தியது இதுதான். அதிகம் அடிபடுவது பன்றி. மாடு தாங்கிக்கொள்ளும், ஏனென்றால் அதன் முதல் இரைப்பையில் உள்ள பாக்டீரியாக்கள் நச்சின் 12,13 எபாக்சைடு வளையத்தை உடைத்து டாம்-1 என்ற தீங்கு குறைந்த பொருளாக்கிவிடும். நச்சுத்தன்மை அந்த வளையத்தில்தான் இருக்கிறது.

அந்த மாட்டு வயிற்றுத் திரவத்திலிருந்து ஆஸ்திரியாவில் பிரித்தெடுத்ததுதான் பிபிஎஸ்எச் 797 என்ற பாக்டீரியா. ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் பன்றித் தீவனத்துக்கு அனுமதித்தது, நுண்ணுயிர்ச் சேமிப்பகத்தில் அதன் எண் டிஎஸ்எம் 11798. முழுத் தீவனத்தில் கிலோவுக்குக் குறைந்தது 17 கோடி உயிர்ச்செல் இருக்க வேண்டும். அது ஆக்சிஜன் ஆகாத பாக்டீரியா, உறைநிலையில் உலர்த்திய பொடியாக வரும். காற்றும் ஈரமும் பட்டால் எண்ணிக்கை சரியும். திறந்த பையை மடித்து வைத்துவிட்டு அடுத்த மாதம் எடுக்கிறவர்கள் வெறும் மாவைத்தான் கலக்கிறார்கள். பெல்லட் போடும்போது 80 டிகிரியைத் தாண்டும் நீராவியும் கொல்லும். உறையிட்ட பொருளா என்று கேட்டுவிட்டுத்தான் பிரிமிக்ஸில் (தீவனத்தில் கலக்கும் முன்கலவையில்) சேர்க்க வேண்டும்.

இன்னொரு பலவீனத்தை விற்கிறவர் சொல்ல மாட்டார். பன்றிக்குடலில் டான் சிறுகுடலின் முன்பகுதியிலேயே வேகமாக உறிஞ்சப்படுகிறது. பாக்டீரியா விழித்து வேலையைத் தொடங்குவதற்குள் ஒரு பங்கு ரத்தத்துக்குப் போய்விடும். ஆகவே 100 சதவீதம் எதிர்பார்க்க வேண்டாம். நச்சு மிகுந்த சோளத்தின் பங்கைக் குறைப்பதற்கு இது மாற்று இல்லை.

ஃபுசேரியத்தின் இன்னொரு நச்சான ஃபியூமோனிசின் விஷயம் சுகம். ஸ்ஃபிங்கோபிக்சிஸ் பாக்டீரியாவின் எஸ்டரேஸ் நொதியை ஈஸ்ட்டில் உற்பத்தி செய்து விற்கிறார்கள். மூலக்கூறின் இரண்டு பக்கச் சங்கிலிகளையும் வெட்டிவிடும், துணைக்காரணி (நொதி வேலை செய்யக் கூடவே தேவைப்படும் பொருள்) எதுவும் கேட்காது, ஆக்சிஜன் பற்றிய கவலை இல்லை. டானை முறிக்கும் டெவோசியா பாக்டீரியாவின் நொதிகள் அப்படியல்ல. ஒன்றுக்கு பிக்யூக்யூ என்ற துணைக்காரணி வேண்டும், அடுத்ததற்கு என்ஏடிபிஎச் என்ற துணைக்காரணி வேண்டும். அந்தச் செலவில் நொதியைப் பையில் போட்டு விற்க முடியாது. முழு செல்லாகத்தான் யோசிக்க வேண்டும்.

தர ஆய்வு

திரவத் தீவனத் தொட்டிக்காரர்களுக்கு: ஊறவைத்த பிறகு டான் அளவு *கூடியிருக்கிறது* என்று முடிவு வந்தால் கருவியைத் திட்டாதீர்கள். செடி தன்னைக் காத்துக்கொள்ள டானோடு ஒரு குளுக்கோஸை ஒட்டி மறைத்து வைத்திருக்கும். சில லாக்டிக் பாக்டீரியாக்கள் அந்தச் சர்க்கரையை வெட்டி டானை விடுவித்துவிடும். பொருள்களைப் பிரித்து அளக்கும் குரோமட்டோகிராஃபியில், ஊறவைக்கும் முன் எடுத்த அளவில் அந்த மறைந்த டான் தெரியாது, ஊறவைத்த பின் எடுத்ததில் தெரியும். எலைசா கிட் (எதிர்ப்புரதத்தை வைத்து நச்சை அளக்கும் சோதனைப் பெட்டி) பல நேரம் இரண்டையும் சேர்த்தே எண்ணும். அது வேறு எந்தப் பொருள்களையும் சேர்த்து எண்ணும் என்று காட்டும் குறுக்கு வினை அட்டவணை கிட் தாளில் இருக்கும், வாங்கும் முன் அதைப் படியுங்கள்.

ஃபுசேரியத்தின் மற்றொரு நச்சான ஜியரலினோனில் நேர் எதிர்க் கூத்து. அளவு இறங்கும், விலங்கு இன்னும் மோசமாகும். சில பாக்டீரியாக்கள் அதை ஆல்ஃபா ஜியரலினாலாக மாற்றும். அதன் ஈஸ்ட்ரோஜன் (பெண் ஹார்மோன்) வீரியம் தாய் நச்சைவிட அதிகம். எனவே முறிவுப் பொருள் என்ன என்று பெயர் சொல்லாத அறிக்கையை ஏற்காதீர்கள்.

மாதிரி எடுப்பதைப் பற்றி ஒரு வரி. நச்சு மூட்டைக்கு மூட்டை மாறும். மூட்டையில் குத்தி மாதிரி எடுக்கும் ஒரே குத்துக்கம்பியில் "முன்பு, பின்பு" பார்த்தால் பாக்டீரியா ஒன்றும் செய்யாமலே பாதி குறைந்ததாகத் தெரியலாம். பெரிய குவியலுக்கு 100 இடத்தில் 100 கிராம் வீதம் 10 கிலோ எடுத்து, அரைத்துக் கலந்து, அதிலிருந்து பிரியுங்கள்.

லேயர் (முட்டைக்கோழி) பண்ணை

நாமக்கல் பக்கம் கோழிக்கு வருகிற சோளத்தில் முதல் கவலை அஃப்ளடாக்சின். அதற்கு பாக்டீரியா வாங்கக் கிளம்ப வேண்டியதில்லை. தட்டையான மூலக்கூறு என்பதால் பென்டோனைட் மண் அதை நன்றாகப் பிடிக்கும். ஆனால் அதே டாக்சின் பைண்டர் (நச்சை ஒட்டிப் பிடிக்கும் பொருள்) டானை ஏறக்குறைய பிடிப்பதே இல்லை. "எல்லா நச்சுக்கும்" என்று பையில் அச்சடித்திருந்தால் எந்த நச்சு, எவ்வளவு சதவீதம், எந்தப் பிஎச்சில் என்று மூன்றையும் எழுத்தில் கேளுங்கள்.

மாட்டுக்காரர்கள் மேலே உள்ளதைப் படித்து நிம்மதியாகிவிட வேண்டாம். முதல் இரைப்பை காப்பாற்றுவது டானிலிருந்துதான். அஃப்ளடாக்சினின் பி1 வகை அதைத் தாண்டிப் போய், கல்லீரலில் எம்1 என்ற வகையாக மாறி, பாலில் இறங்கும். கெட்டுப்போன சோளத்தைக் கோழிக்கு வேண்டாம் என்று ஒதுக்கிக் கறவை மாட்டுக்குப் போடுவது இங்கே சாதாரணமாக நடக்கிறது. பாலில் எம்1-க்கு இந்திய வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம்.