சுண்டுவிரலை ஒட்டவைத்த நாள்: இன்வர்ஷன் வழியே பியானோவில் மனோதர்மம்

தாளைப் பார்த்து வாசிப்பதில் எனக்குப் பயமில்லை. சிறு வயதில் பதினோரு வருடம் அப்படித்தான் கற்றேன். தாளை எடுத்துவிட்டு "ஏதாவது வாசியுங்களேன்" என்று யாராவது சொல்லும்போதுதான் வாயடைத்துப்போகும். விரலடைத்துப்போகும் என்பதுதான் சரி. நாற்பது வயதைத் தாண்டிய பிறகு இந்த வெட்கம் தாங்காமல் மறுபடி ஓர் ஆசிரியையிடம் போய் உட்கார்ந்தேன். அங்கே நடந்ததைச் சொல்கிறேன். மற்றவர்களுக்கு எந்த இடத்தில் முடிச்சு அவிழ்ந்தது என்று கேட்கவும் ஆசை.

முதல் நாள் நான்கு கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கொத்து) கொடுத்தார்: சி மேஜர், ஏ மைனர், எஃப் மேஜர், ஜி மேஜர். இடது கை ஒவ்வொன்றையும் நான்கு எண்ணிக்கைக்குப் பிடிக்க வேண்டும். வலது கை வெள்ளைக் கட்டைகளில் மனம்போன போக்கில் எதையாவது வாசிக்க வேண்டும். எனக்குத் தெரிந்ததெல்லாம் ரூட் பொசிஷன் மட்டும், அதாவது கார்டின் பெயர்ச்சுரம் எப்போதும் அடியில். (வேறொரு சுரம் அடியில் வந்தால் அது இன்வர்ஷன்.) சி–ஈ–ஜி பிடித்த கை அடுத்து ஏ–சி–ஈ என்று தாவும், அங்கிருந்து எஃப்–ஏ–சி, பிறகு ஜி–பி–டி. தவளை மாதிரி. ஒவ்வொரு தாவலுக்கும் கண் இடப்பக்கம் போகும்; கண் போனதும் வலது கை நின்றுவிடும். நான்கு எண்ணிக்கைக்கு ஒரு முறை மெட்டுக்கு விக்கல் வந்துகொண்டிருந்தது.

ஆசிரியை சொன்னது ஒன்றுதான். "இடது சுண்டுவிரல் அந்த சி கட்டையில் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எடுக்க முடியாது. இப்போது ஏ மைனர் வாசியுங்கள்."

ஏ மைனருக்கு வேண்டியவை ஏ, சி, ஈ. சி-யும் ஈ-யும் ஏற்கெனவே கையில் இருக்கின்றன. கட்டைவிரல் மட்டும் ஜி-யிலிருந்து பக்கத்து ஏ-க்கு நகர்ந்தது: சி–ஈ–ஏ. அடுத்து எஃப். சி அப்படியே, ஏ அப்படியே. நடுவில் ஈ-யை விட்டு எஃப்-ஐ ஆள்காட்டி விரல் தொட்டது: சி–எஃப்–ஏ. ஜி-க்கு மட்டும் பசை விட்டது. சுண்டுவிரல் ஒரு கட்டை இறங்கி பி–டி–ஜி. திரும்ப சி-க்கு வரும்போது கட்டைவிரல் ஜி-யிலேயே இருக்க, மற்ற இரண்டு சுரங்களும் ஒரு கட்டை மேலேறின. பி முதல் ஏ வரை, ஏழு வெள்ளைக் கட்டைகளுக்குள் நான்கு கார்டும் முடிந்துவிட்டன.

இனி கண் எதற்கும் இடப்பக்கம் போகவேண்டியதில்லை. ஐந்தாவது சுற்றிலோ ஆறாவதிலோ வலது கை என்னைக் கேட்காமலே ஒரு வரி வாசித்தது. பெரிதாக ஒன்றுமில்லை, ஈ–டி–ஈ–ஜி, அவ்வளவே. ஆனால் அதை நான் எந்தத் தாளிலும் பார்த்ததில்லை.

* * *

உங்களுக்கு அதிர்ஷ்டம், நல்ல ஆசிரியை. நான் சுயமாகக் கற்றவன், அதனால் நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து மாட்டிக்கொண்டேன்.

எனக்கு இன்வர்ஷன்கள் எல்லாம் தெரியும். பன்னிரண்டு சுரம், ஒவ்வொன்றுக்கும் மேஜர், மைனர், ஒவ்வொன்றையும் மூன்று நிலைகளில் (பெயர்ச்சுரம் அடியில்; நடுச்சுரம் அடியில், அது முதல் இன்வர்ஷன்; உச்சிச்சுரம் அடியில், அது இரண்டாம் இன்வர்ஷன்): மொத்தம் 72. நான்கு மாதம் மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) வைத்துக்கொண்டு ஏறி இறங்கினேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எஃப் ஷார்ப் மைனரின் இரண்டாம் இன்வர்ஷனைப் பிடிப்பேன். மனோதர்மமாக ஒரு வரி வருமா என்றால், வராது. வாய்ப்பாடு தலைகீழாகத் தெரிந்த பிள்ளைக்குக் கணக்கு வராத கதை.

தவறு எங்கே என்று பின்னால்தான் தெரிந்தது. ஒரே கார்டுக்குள் ஏணி ஏறிக்கொண்டிருந்தேனே தவிர, ஒரு கார்டிலிருந்து அடுத்த கார்டுக்கு ஒரு நாளும் நடந்து பார்த்ததில்லை. அதைவிட முக்கியம், எல்லா நிலைகளையும் அடிச்சுரத்தை வைத்தே நினைவில் வைத்திருந்தேன். காது கேட்பதோ உச்சியில் இருக்கும் சுரத்தை. மூன்று சுரம் சேர்ந்து ஒலித்தால் கேட்பவர் மெட்டாக எடுத்துக்கொள்வது பெரும்பாலும் மேலே இருப்பதைத்தான்.

ஒரு நாள் வலது கையில் ஈ–டி–சி என்று மூன்று சுரம் இறங்கினேன், கார்ட் எதுவும் இல்லாமல். பிறகு ஒவ்வொன்றுக்கும் கீழே எதைத் தொங்கவிடலாம் என்று பார்த்தேன். உச்சியில் ஈ வேண்டுமா, சி மேஜரை ஜி–சி–ஈ என்று பிடி. உச்சியில் டி, ஜி மேஜரின் ரூட் பொசிஷன், ஜி–பி–டி. உச்சியில் சி, மறுபடி சி மேஜர், இம்முறை ஈ–ஜி–சி. மூன்று சுரமும் மெட்டாகவே நின்றன. கார்ட் அவற்றுக்கு உடம்பாக வந்தது. அந்தக் கடைசி சி-க்கு ஏ மைனரையும் வைக்கலாம், ஈ–ஏ–சி. மெட்டு மாறவில்லை, முகம் மாறிவிட்டது. ஒரே சுரத்துக்கு இரண்டு முகம் என்பது கையில் பட்ட பிறகு அன்றிரவு தூங்கவில்லை.

இப்போது என் பயிற்சி வேறு. ஒரு சுரத்தை உச்சியில் பிடித்துக்கொண்டு அதற்குக் கீழே எத்தனை கார்ட் வரும் என்று தேடுகிறேன். அந்த 72-ஐ வீண் என்று சொல்லமாட்டேன். ஆனால் முதல் வாரத்திலேயே இதைத் தொடங்கியிருந்தால் மூன்று மாதம் மிச்சம்.

* * *

நான் ஒரு சிறு குழுவில் கீபோர்ட் வாசிக்கிறேன். கார்டின் நிலையை முடிவு செய்வது நான்தான் என்ற மிதப்பில் இருந்தவன். பேஸ் கிதார்க்காரர் அதை இறக்கிவைத்தார்.

ஒத்திகையில் ஈ–ஜி–சி என்று முதல் இன்வர்ஷனைப் பிடித்துவிட்டு, "இந்த இடத்தில் எவ்வளவு மென்மையாக இருக்கிறது, கேட்டீர்களா?" என்றேன். அவர் சிரித்தார். "நான் கீழே சி வாசித்துக்கொண்டிருக்கிறேன் ஐயா. அது இன்வர்ஷனே இல்லை" என்றார். உண்மைதான். மொத்தக் குழுவில் எந்தச் சுரம் ஆக அடியில் ஒலிக்கிறதோ அதுதான் நிலையை முடிவு செய்யும். அவருடைய ஆகக் கனத்த தந்தி, அழுத்தாமல் மீட்டினால், விநாடிக்கு 41 முறைதான் அதிர்கிறது. என் கை எப்படி மடங்கியிருக்கிறது என்பது அதற்கு மேலே நடக்கும் அலங்காரம்.

பிறகு அவர் ஒரு வேலை செய்தார். என்னை சி–ஈ–ஜி-யைப் பிடித்தபடி அசையாமல் இருக்கச் சொல்லிவிட்டுக் கீழே சுரத்தை மாற்றினார். ஈ வைத்தார், சி/ஈ (அடியில் ஈ உள்ள சி மேஜர்) ஆயிற்று, எங்கோ கிளம்புகிற மாதிரி. ஏ வைத்தார், என் விரல் ஒன்றுகூட நகரவில்லை, கார்ட் ஏ மைனர் செவன்த் (ஏழாம் சுரமும் சேர்ந்த நான்கு சுரக் கார்ட்) ஆகிவிட்டது. எஃப் வைத்தார், எஃப் மேஜர் செவன்தின் மேல் ஒன்பதாம் சுரம் சேர்ந்தாற்போல ஆகாயத்தில் மிதந்தது, அதற்குரிய ஏ-யை யாருமே வாசிக்காவிட்டாலும். தனியாக வாசிக்கும்போது என் இடது கைதான் அந்தப் பேஸ்காரர் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. குழுவில் இருக்கும்போது இடது கையை மடியில் வைத்துக்கொள்ளவும் கற்றுக்கொண்டேன். அதுவும் ஒரு வித்தைதான்.

* * *

பேஸைப் பற்றிப் பேச்சு வந்ததால் நான் நுழைகிறேன். எனக்கு முடிச்சு அவிழ்ந்தது முந்நூறு வருடப் பழைய முறையில்.

18-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் நேப்பிள்ஸில் நான்கு இசைப்பள்ளிகள் இருந்தன. அவை அநாதைச் சிறுவர்களுக்கான விடுதிகளாகத் தொடங்கியவை. இசையை அங்கே ஒரு தொழிலாகக் கற்றுக்கொடுத்தார்கள். பிள்ளையின் முன் ஒரே ஒரு பேஸ் (அடிச்சுர) வரி வைக்கப்படும். பார்ட்டிமெண்டோ என்று பெயர். அதற்கு மேல் வரவேண்டிய அத்தனையையும் பிள்ளை கீபோர்டில் அந்தக் கணமே உண்டாக்க வேண்டும். சில வரிகளில் சுரத்தின்மேல் எண்கள் இருக்கும். 6 என்று போட்டிருந்தால் இன்றைய கணக்கில் முதல் இன்வர்ஷன். 6-உம் 4-உம் சேர்ந்து வந்தால் இரண்டாம் இன்வர்ஷன். சில வரிகளில் எண்ணே இருக்காது.

எண் இல்லாதபோது கைகொடுத்தது "ஸ்தாயி விதி" என்ற ஒன்று. பேஸ் ஸ்கேலில் (சுர வரிசையில்) ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் எந்த கார்ட் என்ற வழக்கம். பரவலாகப் புழங்கிய வடிவத்தை சி ஸ்கேலில் சொல்கிறேன், கீபோர்டில் போட்டுப் பாருங்கள். பேஸில் சி, மேலே சி மேஜர். டி-க்கு ஜி செவன்த். ஈ-க்கு மறுபடி சி மேஜர். எஃப்-க்கு டி மைனர் செவன்த். ஜி-க்கு ஜி மேஜர். ஏ-க்கு எஃப் மேஜர். பி-க்கு ஜி செவன்த். மேல் சி-க்கு சி மேஜர். எண்ணிப் பாருங்கள்: பெயர்ச்சுரம் அடியில் வருவது சி-யிலும் ஜி-யிலும் மட்டுமே. மற்ற ஐந்து படிகளும் இன்வர்ஷன்.

நான் அதுவரை "கார்டைத் திருப்பிப் போடுவது" என்றால் ஒரு சிங்காரம் என்று நினைத்திருந்தேன். பேஸை நடக்கவிட்டால் அது தவிர்க்க முடியாத ஒன்று என்று கை சொன்னது. ஒரு வாரம் வேறெதுவும் வாசிக்காமல் இந்த எட்டுப் படிகளில் ஏறினேன். இறங்குவதற்கு எனக்கு நானே ஒரு வழி வைத்துக்கொண்டேன்: சி, ஜி/பி, ஏ மைனர், சி/ஜி, எஃப், சி/ஈ, டி மைனர், பிறகு ஜி-க்கு ஒரு தாவல், சி. இடது கை ஒற்றைச் சுரமாகப் படி இறங்குகிறது, வலது கையோ கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருக்கிறது. இரண்டாவது வாரம் வலது கையின் கார்டுகளை உடைத்து ஒவ்வொரு சுரமாகச் சிந்தினேன். மூன்றாவது வாரம் பக்கத்து அறையில் இருந்தவர் வந்து "இது யாருடைய இசை?" என்று கேட்டார். பதில் சொல்லக் கூச்சமாக இருந்தது.

இதில் ஒரு வேடிக்கை. சி–ஈ–ஜி, ஈ–ஜி–சி, ஜி–சி–ஈ மூன்றுக்கும் மூலச்சுரம் ஒன்றுதான் என்பதைக் கோட்பாடாகவே நிறுவி எழுதியவர் ழான்-ஃபிலிப் ராமோ, பிரான்சில், 1722-இல். நேப்பிள்ஸ் பிள்ளைகளோ பேஸையும் எண்ணையும் பிடித்துக்கொண்டே போனார்கள். மூலச்சுரம் எது என்று தேடி நிற்கவில்லை. ராமோ சொன்னது புரிந்துகொள்ள உதவுகிறது. வாசிக்க எனக்கு உதவியது அந்தப் பிள்ளைகளின் வழிதான்.

* * *

என்னுடையது சின்ன அவமானம். ஒரு வீட்டுக் கூடுகையில் பத்து பேர் முன்னால் முதல் முறையாகத் தாள் இல்லாமல் வாசித்தேன். நன்றாகவே போயிற்று. முடிக்கும் இடத்தில் இடது கை ஜி-யில் விழுந்தது, மேலே சி–ஈ. சி மேஜர்தானே என்று கையை எடுத்துவிட்டேன். யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நானும் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வகுப்பில் ஆசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார். "கச்சிதமான இடத்தில் நிறுத்தியிருக்கிறாய், ஆனால் அது தொடங்குகிற இடம்" என்றார். மொசார்ட் காலத்துப் பியானோ கன்சேர்ட்டோக்களில் (பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புகள்) முதல் பகுதி முடியும் தறுவாயில் ஆர்கெஸ்ட்ரா முழுவதும் இதே இரண்டாம் இன்வர்ஷனில் வந்து நின்றுவிடும். ஜி அடியில் இருக்கும் சி மேஜர் மாதிரி, எந்த ஸ்கேலோ அந்த ஸ்கேலில். அங்கிருந்து பியானோக்காரர் தனியாக, தன் மனோதர்மப்படி வாசிப்பார், அதுதான் கடென்சா. முடிவில் நீண்ட ஒரு ட்ரில் (பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் இரண்டு வேகமாக மாறிமாறி ஒலிப்பது) கேட்டதும் ஆர்கெஸ்ட்ரா உள்ளே வரும். பேத்தோவன் தமது ஐந்தாம் பியானோ கன்சேர்ட்டோவில், 1809-இல் எழுதியது, அந்த இடத்தில் "இங்கே கடென்சா வேண்டாம்" என்றே குறித்துவைத்தார். வாசிப்பவர்மேல் அவ்வளவு நம்பிக்கை!

இப்போது வேண்டுமென்றே அங்கே போய் நிற்கிறேன். ஜி-யின்மேல் சி–ஈ பிடித்துக்கொண்டு இரண்டு மூச்சு காத்திருந்தால் அறையே முன்னால் சாய்வது தெரியும்.

* * *

எல்லோரும் புகழ்வதால் ஒரு குறையையும் நான் சொல்லிவிடுகிறேன். "மிக அருகில் இருக்கும் நிலைக்கு நகர்" என்பதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு ஒரு வருடம் வாசித்தேன். பதிவு செய்து கேட்டபோது எல்லாமே ஒன்றுபோல, ஒரே அரை ஸ்தாயிக்குள் முனகிக்கொண்டிருந்தது. தாவக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை; நானே சொல்லிக்கொண்டேன்.

இன்னொன்று, இந்த நெருக்கமான மூன்று சுரங்களை நடு சி-க்கு ஒரு ஸ்தாயிக்கும் கீழே கொண்டுபோகாதீர்கள். அங்கே ஒவ்வொரு சுரத்தோடும் மெல்லக் கூட ஒலிக்கும் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று உரசிக் கார்ட் உறுமலாகிவிடும். நடுச்சுரத்தை ஒரு ஸ்தாயி மேலே தூக்கி சி–ஜி–ஈ என்று விரித்தால் தெளிந்துவிடும். என் கைக்கு அந்த அகலம் எட்டாது, ஆகவே ஒவ்வொன்றாக உருட்டி வாசிக்கிறேன்.

ஜாஸ் பக்கம் போகிறவர்களுக்கு: டி மைனர், ஜி, சி என்ற வரிசைக்கு இடது கையில் எஃப்–ஏ–சி–ஈ, பிறகு எஃப்–ஏ–பி–ஈ, பிறகு ஈ–ஜி–பி–டி. ஜாஸ் பியானோக்காரர் பில் எவன்ஸ் வழியில் வந்தவர்களின் பிடி. முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு ஒரே ஒரு சுரம் அசைகிறது. பெயர்ச்சுரம் எதிலும் இல்லை. முதலில் எழுதியவரின் சுண்டுவிரல் இங்கே எஃப்-இல் ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

* * *

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு அந்த எட்டுப் படிகளில் ஏறிப் பார்த்தேன். மூன்று முறை சரியாகப் போயிற்று. நான்காவது முறை திரும்பி இறங்கும்போது பேஸ் எஃப்-இல் இருக்க, வலது கை தவறுதலாக ஜி–பி–டி-யிலேயே நின்றுவிட்டது. எஃப்-உம் ஜி-யும் இடித்துக்கொண்டு நின்றன. கையை எடுக்கலாமா என்று யோசிப்பதற்குள் சுண்டுவிரல் தானாக ஈ-க்கு இறங்கிவிட்டது, மேலே பி சி-க்கு ஏறிவிட்டது. உடம்பில் எங்கோ சுளுக்கு எடுத்ததுபோல இருந்தது.

நான்கு சுரமுள்ள கார்டுக்கு மூன்றாவதாக ஓர் இன்வர்ஷன் உண்டு, ஏழாம் சுரம் அடியில் வருவது, அது ஒரு படி இறங்கத்தான் துடிக்கும் என்று பிறகு பார்த்துத் தெரிந்துகொண்டேன். நேற்று அது தெரியாமல், எஃப்-க்கும் ஈ-க்கும் நடுவிலேயே அரை மணி நேரம் போய்வந்துகொண்டிருந்தேன்.