மாதம் ஒரு பூசைதான். மற்ற ஞாயிறுகளுக்கு என்ன செய்வது?

துணுக்காய் ரீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். நான் கத்தோலிக்கர், என் ஊர் மன்னாரில் பேசாலை. அங்கே கோயில் மணி கேட்டுத்தான் எழும்புவோம். இந்த வருடம் மாற்றம் கிடைத்து, துணுக்காய்க்கும் உள்ளே ஒரு சின்னப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். கணவர் வெளிநாட்டில், இங்கே நானும் மகனும்தான். ஊரில் நாலைந்து கத்தோலிக்கக் குடும்பங்கள் இருக்கின்றன. சுவாமி, அதாவது குருவானவர், மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் வந்து பூசை வைப்பார். மாரி தொடங்கினால் அதுவும் நிச்சயமில்லை. இந்தப் பகுதிக்குரிய பங்குக் கோயிலுக்குப் போக ஞாயிறு காலையில் பஸ் இல்லை. விடியப்புறம் மோட்டார் சைக்கிளில் போகலாமென்றால் றோட்டில் ஆனை நிற்கும்.

பூசை தவறுவது பாவமா? போனில் நேரலைப் பூசை பார்த்தால் போதுமா? மகன் அடுத்த வருடம் முதல்நன்மை, அதாவது முதன்முறையாக நற்கருணை, வாங்கவேண்டும். அவனுக்கு மறைக்கல்வி யார் சொல்லிக்கொடுப்பது? இதையெல்லாம் நினைத்தால் நித்திரை வருவதில்லை.

நெடுங்கேணி நேர்ஸ்:

தங்கச்சி, பயப்படாதீர்கள். வேண்டுமென்று விட்டால்தான் பாவம். போக வழியில்லாதவர் மேல் அந்தக் கடமை இல்லை. திருச்சபைச் சட்டம் 1248ஐப் பாருங்கள்: குரு இல்லாத இடத்தில் இறைவார்த்தை வழிபாட்டில் சேருங்கள், அதுவும் முடியாவிட்டால் தனியாகவோ குடும்பமாகவோ செபியுங்கள் என்று இருக்கிறது. சனி பின்னேரப் பூசை ஞாயிறு பூசையாகவே கணக்கு, அதையும் அதே சட்டம் சொல்கிறது. போனில் பார்ப்பது பூசையில் பங்குபற்றியதாக ஆகாது. ஆனால் நைட் டியூட்டி முடிந்து வந்து நானும் பார்ப்பேன், மனதுக்கு உதவிதான்.

மடுப்பக்கத்து மூப்பர்:

மகள், நாலைந்து குடும்பங்கள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்கு மறுமொழி அவர்களிடம்தான் இருக்கிறது. தனியாக இருந்து போன் பார்க்கவேண்டாம். அந்த வீடுகளுக்கு நடந்து போய்க் கதையுங்கள்.

ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு சுவாமிமாருக்கு இங்கே இடமில்லை. கோவாவிலிருந்து புனித யோசேவ் வாஸ் சுவாமி வந்தது 1687இல். இடையில் ஏறக்குறைய முப்பது வருடம். மன்னார்ப் பக்கம் மாந்தையில் இருந்த மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு இருபது குடும்பங்கள் இந்த மருதமடுக் காட்டுக்குள் வந்தது அந்தக் காலத்தில்தான் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். வாஸ் சுவாமி யாழ்ப்பாணத்தில் பிச்சைக்காரர் கோலத்தில், கழுத்தில் செபமாலையோடு திரிந்தார். அதைக் கண்டு எந்த வீட்டுச் சனத்தின் முகம் மாறுகிறது என்று பார்த்தே நம்மவர்களைக் கண்டுபிடித்தார். பிறகு ஊருக்கு ஊர் சனத்தை நடத்த மூப்பரையும், செபமும் மறையும் சொல்லிக்கொடுக்க அண்ணாவியாரையும் ஏற்படுத்திவிட்டுத்தான் அடுத்த ஊருக்கு நடந்தார். குரு இல்லாத ஞாயிற்றைச் சனமே நடத்துவது இந்த மண்ணுக்குப் புதிதில்லை.

சுவாமியிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஒரு நேரம் குறியுங்கள், யார் வந்தாலும் வராவிட்டாலும் அந்த நேரம் மாறக்கூடாது. முறை வைத்து வீடு வீடாகக் கூடலாம். அன்றைய ஞாயிறு வாசகங்களை வாசியுங்கள், பிள்ளைகளையும் வாசிக்க விடுங்கள். கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள், மன்றாட்டுச் சொல்லுங்கள், பரலோக மந்திரத்துக்குப் பிறகு ஆண்டவரை மனதுக்குள் வரச்சொல்லி ஆசை நன்மை எடுங்கள். குருவானவர் சொல்லும் நற்கருணை மன்றாட்டை வாசிக்கக்கூடாது, கையை நீட்டி ஆசீரும் கொடுக்கக்கூடாது. சிலுவை அடையாளம் போட்டு முடியுங்கள்.

தவக்காலத்தில் பசாம், அதாவது இயேசுவின் பாடுகளை இராகத்தோடு சொல்லும் புத்தகம், படிக்காமல் விடவேண்டாம். யுத்தத்தில் இடம்பெயர்ந்து தறப்பாள் கொட்டிலுக்குள் கிடந்த காலத்திலும் நாங்கள் இரவில் பசாம் படித்தோம். புத்தகத்தில் தாள் கிழிந்துபோன இடத்தை வயதான மனுசிகள் பாடமாகச் சொன்னார்கள். செல் விழுந்து வெடிக்கும் சத்தத்துக்கு நடுவில் எங்கள் பிள்ளைகள் இயேசுவின் பாடுகளை அந்தக் குரல்களில்தான் கேட்டார்கள். பூசைக்கு வழியில்லாத எத்தனையோ பேரை அது விசுவாசத்தில் நிறுத்தி வைத்தது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்று. வருத்தக்காரர் யாராவது இருந்தால் நோயில்பூசுதலுக்குச் சுவாமிக்கு நேரத்தோடு சொல்லுங்கள், கடைசி மூச்சுவரை பார்த்துக்கொண்டிருக்கவேண்டாம். பிறந்த குழந்தைக்கு உயிர் ஆபத்து என்றால் நீங்களே தண்ணீர் ஊற்றித் திருமுழுக்குக் கொடுக்கலாம். பிறகு பங்கில் அறிவித்துப் பதிய வேண்டும்.

முல்லைத்தீவுத் தம்பி:

அக்கா, பேசாலை மன்னார் மறைமாவட்டம். துணுக்காய் முல்லைத்தீவு மாவட்டம் என்றபடியால் இப்போது நீங்கள் யாழ்ப்பாண மறைமாவட்டத்தில் இருக்கிறீர்கள். இருக்கிற இடத்துப் பங்குதான் உங்கள் பங்கு, பெயரைப் பதிந்துவிடுங்கள். மகனின் திருமுழுக்குச் சான்றிதழை ஊரிலிருந்து இப்போதே எடுத்து வைத்தால் முதல்நன்மை நேரத்தில் அலையத் தேவையில்லை. மறைக்கல்விப் புத்தகத்தைச் சுவாமியிடம் வாங்கி நீங்களே படிப்பிக்கலாமே, ரீச்சர்தானே? மற்ற வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுவாமி வரும் நாளில் பூசைக்கு அரை மணித்தியாலம் முந்தி வந்து பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்கச் சொல்லுங்கள், கட்டாயம் வருவார்.

துணுக்காய் ரீச்சர்:

நன்றி, எல்லோருக்கும். நேற்றுப் பின்னேரம் இரண்டு வீட்டில் கதைத்தேன். ஒரு அம்மம்மா "எட்டு மணிக்கு என் வீட்டிலேயே தொடங்குவோம்" என்று அப்போதே சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டுச் சைவக் குடும்பம் கதிரை தருகிறோம் என்றார்கள். மூப்பர் ஐயா, பசாம் புத்தகம் என்னிடம் இல்லை. எங்கே எடுக்கலாம்?

மடுப்பக்கத்து மூப்பர்:

என்னிடம் இருப்பதைப் போட்டோப் பிரதி அடித்துத் தருகிறேன், மகள். மடு மாதாவின் ஆவணித் (ஆகஸ்ட்) திருநாளுக்கு மடுவுக்கு வருவீர்கள்தானே? பதினைந்தாம் திகதிக்கு முதல்நாள் வேஸ்பர் மாலைச் செபத்துக்கு வந்தால் ஆறுதலாகக் கதைக்கலாம். அந்த அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவருக்குப் பசாம் இராகம் தெரிந்திருக்கும், பிள்ளைகளுக்குப் பழக்கச் சொல்லுங்கள்.