மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) படம் சரியில்லை, மறுபடி எடுக்கணும் என்றார்களா? உங்கள் அனுபவம்

கோவை, டெக்னீஷியன்:
படம் சரியாக வரவில்லை என்றால் எல்லோரும் மெஷினைத்தான் சந்தேகப்படுகிறார்கள். நான் பார்த்தவரை முக்கால்வாசி கோளாறு ஆளை நிறுத்திய விதத்தில்தான். சாய்வாக எடுக்கும் படத்தில் மார்புத் தசை மேலே அகலமாகத் தொடங்கி காம்பு மட்டம் வரை இறங்கி வரணும், பாதியிலேயே நின்றுவிட்டால் மார்பகத்தின் பின்பக்கத் திசு படத்துக்குள் வரவில்லை என்று அர்த்தம். மார்பகத்தின் கீழ் மடிப்பும் விரிந்து தெரியணும். அப்புறம் காம்பிலிருந்து தசை வரை அளந்து, மேலிருந்து எடுத்த படத்தின் அளவோடு ஒப்பிடுவோம், 1 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் ஏதோ விடுபட்டிருக்கிறது. பயத்தில் தோளை இறுக்கிக்கொண்டு நிற்பவர்களுக்கு இந்தத் தசை லேசில் வராது, அதனால் பேச்சுக் கொடுத்துக்கொண்டேதான் நிறுத்துவேன்.

கோடையில் ஓர் அம்மா வந்தார்கள். படத்தில் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள், மார்பகத்துக்குள் படியும் அசல் சுண்ணாம்புத் (கால்சியம்) துகள் மாதிரியே. ஆரம்பநிலைப் புற்றுநோய் சில சமயம் அப்படித்தான் தெரியும் என்பதால் விடவும் முடியாது. மடிப்பைத் தூக்கிப் பார்த்தால் வேர்க்குரு பவுடர் அப்பியிருக்கிறது! ஈரத்துணியால் துடைத்துவிட்டு எடுத்தோம், புள்ளிகளைக் காணோம். தயவுசெய்து பவுடர், டியோடரன்ட் போடாமல் வாருங்கள்.

மதுரையிலிருந்து:
என்னை மறுபடி வரச்சொல்லி போன் வந்தது, காரணம் சொல்லவில்லை. கட்டிதான் என்று முடிவே கட்டிவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. போனால், மூச்சு விட்டதில் படம் கலங்கிவிட்டதாம். அதை போனிலேயே சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும்? இன்னொன்று, மார்பகத்தை அந்த மெஷின் தட்டு அழுத்தும்போது உயிர் போகிறது, கொஞ்சம் தளர்த்தவே கூடாதா?

கோவை, டெக்னீஷியன்:
போனில் சொல்லாதது அநியாயம்தான் அக்கா. பிரிட்டனில் உருவான பி.ஜி.எம்.ஐ. முறையில் படத்துக்கு நாலு தரம் உண்டு (பெர்ஃபெக்ட், குட், மாடரேட், இன்அடிக்குவேட்), கடைசித் தரம், அதாவது போதாத படம் என்றால் மறுபடி கூப்பிட்டே ஆகணும். ஆனால் அது படத்தின் குறை, உங்களுக்கு நோய் என்று அர்த்தமில்லை. அழுத்தத்தை ரொம்பத் தளர்த்தினால் திசு ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மறைத்துவிடும், கதிர்வீச்சும் கூடுதலாகத் தேவைப்படும், அசைவும் வரும். மாதவிடாய் முடிந்த அடுத்த வாரம் வந்தால் வலி குறைவாக இருக்கும். தாங்கவில்லை என்றால் வாய்விட்டுச் சொல்லுங்கள், தட்டை நிறுத்தி நிறுத்தி இறக்கலாம்.