புதுப்பிப்பு: ஒத்திசைவுத் துடிப்பை அடுத்துத் தெரிந்த அலைக்கொத்து

பால் (PAL) என்ற அனலாக் வண்ணத் தொலைக்காட்சி முறையின் வீடியோ சிக்னலை, மின் அலைகளை வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப்பில் பார்த்தபோது, படத்தின் ஒவ்வொரு வரியிலும், வரித் தொடக்கத்தைக் குறிக்கும் ஒத்திசைவுத் துடிப்பு (sync pulse) முடிந்ததும் தெரியும் சிறிய அலைக்கொத்து என்னவென்று இந்த இழையில் கேட்டிருந்தேன். அதற்கு இப்போது விடை கிடைத்துவிட்டது.

அது கலர் பர்ஸ்ட். 4.7 மைக்ரோ விநாடி நீளும் ஒத்திசைவுத் துடிப்புக்கும் படம் தொடங்கும் இடத்துக்கும் நடுவிலுள்ள 'பேக் போர்ச்' பகுதியில், நிறத் தகவலைச் சுமக்கும் 4.43361875 மெகாஹெர்ட்ஸ் துணை ஊர்தி அலையின் (subcarrier) ஏறக்குறைய 10 சுற்றுகள் மட்டும் அனுப்பப்படுகின்றன. நிறச்செறிவு குரோமா (நிறத் தகவல்) அலையின் வீச்சிலும், நிறச்சாயல் அதன் கட்டத்திலும் (phase) பொதிந்திருப்பதால், கட்டத்தை அளக்க ஓர் ஆதாரம் வேண்டும். ஏற்பியிலுள்ள (தொலைக்காட்சிப் பெட்டியிலுள்ள) அலையியற்றி இந்தக் கொத்தைப் பார்த்தே தன்னைச் சரிசெய்துகொள்கிறது. கொத்து வராவிட்டால் 'கலர் கில்லர்' சுற்று நிறப் பகுதியை அணைத்துவிடும். படம் கறுப்பு வெள்ளையில் மட்டும் தெரியும்.

திரையை நன்றாக விரித்துப் பார்த்தால் இன்னொன்றும் புலப்படுகிறது. அமெரிக்காவின் என்டிஎஸ்சி (NTSC) வண்ணத் தொலைக்காட்சி முறையில் 180 பாகையிலேயே நிற்கும் பர்ஸ்ட், பால் முறையில் வரிக்கு வரி 135, 225 பாகைகளுக்கிடையே மாறி மாறி ஊசலாடுகிறது. பால் முறையில் நிறத் தகவலின் இரு கூறுகளில் ஒன்றான 'வி' கூறு வரி விட்டு வரி தலைகீழாக்கப்படுகிறது; அது எந்த வரியில் தலைகீழாக்கப்பட்டுள்ளது என்பதை ஏற்பிக்குச் சொல்வது இந்த ஊசலாட்டமே. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்: ஒரு வரியை 64 மைக்ரோ விநாடி தாமதப்படுத்தி அடுத்த வரியோடு சராசரி எடுக்கும்போது, வழியில் நேர்ந்த கட்டப் பிழை நிறச்சாயலைக் கெடுக்காமல் நிறச்செறிவைச் சற்றே குறைப்பதோடு நின்றுவிடுகிறது.