அப்டேட்: ஃப்ளாட்டுக்கு மாறின அக்காட தையல் வேலை

போன மாசம் கேட்டிருந்தன், கொழும்பில நெருக்கமா சின்ன வீடுகள் இருக்கிற தோட்டத்து வீட்ட விட்டு தெமட்டகொட ஃப்ளாட்டுக்கு வந்த பிறகு 15 வருசம் தைச்ச அக்காக்கு கஸ்டமரே இல்ல, ஓ/எல் (சாதாரண தர) சோதனையும் பாஸ் இல்ல, என்ன செய்யலாம் எண்டு. நீங்க சொன்ன மாதிரி பிரதேச செயலகத்துக்குப் போனம், அங்க மனிதவள உத்தியோகத்தர் மிஸ் நல்லா விளங்கப்படுத்தினாங்க. கோர்ஸ் தேவையில்லையாம், செய்த வேலைட போட்டோ, கடிதங்கள் சேர்த்துக் குடுத்து ஆர்பிஎல் முறையில (ஏற்கனவே தெரிஞ்ச வேலைய மதிப்பிட்டு ஏத்துக்கொள்ளுற முறை) நைட்டாக்கு, அதாவது அரசாங்கத் தொழிற்பயிற்சி நிறுவனத்துக்கு, விண்ணப்பிச்சா, அவங்கட ஆக்கள் அக்கா தைக்கிறத நேர்ல பாத்து என்விகியூ எண்ட தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் தருவாங்க. மொத்தம் 7 லெவல், அக்காக்கு 3 சரிவரும் எண்டாங்க. ஃபோம் குடுத்தாச்சு, பின்னேரம் நடக்கிற முறைசாராக் கல்வி வகுப்பும் (பள்ளிக்கூடத்துக்கு வெளியில படிக்கிறது) விசாரிக்கிறம். எங்கட தோட்டத்து ஆக்கள வீடு மாத்தேக்கையே இந்த மிஸ்ஸ கூட்டி வந்திருந்தா எத்தன பொம்பிளையள் வேலைய விட்டிருக்க மாட்டாங்க, அதுதான் மனசு கேக்குதில்ல. சோதனை திகதி வந்ததும் போடுறன்.