ஜாஸ், மெட்டல், கச்சேரி எல்லாத்துக்கும் ஒரே மார்க் ஷீட்டா? ஒரு வழி சொல்லுங்க

பனியன்சிட்டி_ஹெட்போன் (திருப்பூர்)

வணக்கமுங்க. நாங்க பிரெண்ட்ஸ் கொஞ்சப் பேரு ஒரு வாட்ஸப் குரூப் வெச்சிருக்கறோம். வாரம் ஒருத்தர் ஒரு ஆல்பம் சொல்லோணும், எல்லாரும் முழுசா கேட்டுட்டு ஞாயித்துக்கெழம பொழுதோட பத்துக்கு இவ்ளோன்னு மார்க் போட்டு ஷீட்ல ஏத்தோணும், ஏன் அந்த மார்க்குன்னும் சொல்லோணும். சினிமாப் பாட்டு மட்டும் ஆகாது, அத உள்ள விட்டா ராஜாவா ரகுமானான்னு விடிய விடிய சண்ட ஓடும், காலைல ஒருத்தனும் கம்பெனிக்கு நேரத்துக்குப் போக மாட்டான்.

பிரச்சன என்னன்னா ஒருத்தன் பிளாக் சப்பாத்ங்கற மெட்டல் பேண்டோட ஆல்பம் குடுத்தான், என்ற மார்க்கு 4, அவன் போட்டது 9.5. அடுத்து ஜாஸ் ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸோட கைண்ட் ஆஃப் புளூ, அதுக்கு எல்லாரும் வரிசையா 8. ஏன்டா 8ன்னு கேட்டா ஒருத்தனுக்கும் சொல்லத் தெரியல, உலகமே பெரிய ஆல்பம்னு சொல்லுது, கம்மியா போட்டா மானம் போயிருமேன்னு போட்ட மார்க்கு அது. அப்பறம் ஒரு கர்னாடகக் கச்சேரி ரெக்கார்டிங் வந்துச்சு, மொத ஐட்டம் அஞ்சு நிமிசம், நடுவுல ஒன்னு முக்காமணி நேரம், இத பாட்டுவாரியா மார்க் போட்டு ஆவரேஜ் எடுக்கறதுங்களா? எங்க ஷீட்ல மெலடி, லிரிக்ஸ், ரெக்கார்டிங் குவாலிட்டி, திரும்பக் கேப்பமான்னு நாலு காலம் (கட்டம்). பாட்டே இல்லாத ஆல்பத்துக்கு லிரிக்ஸ் காலத்துல பூஜ்யமா போடறது? வெவரம் தெரிஞ்சவங்க யாராச்சும் சொல்லுங்க.

லேத்துப்பட்டறை_மெட்டல் (கோவை)

சப்பாத்துக்கு 4ஆ, நல்லா இருப்பீங்க சாமி. மெலடின்னு மொத காலத்துலயே போட்டு வெச்சா மெட்டலுக்கு அங்கயே பாதி மார்க் அவுட்டுங்க, அதுல நீங்க தேட வேண்டியது ரிஃப்பு, அந்த கிட்டார் துண்டு எப்படி சுத்திச் சுத்தி வருது, ட்ரம்ஸ் அது கூடவே போகுதா இல்ல சித்த பின்னாடி இழுத்துப் பிடிக்குதா, அதத்தான் கேக்கோணும்.

அந்த சவுண்டு எங்கிருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா உங்களுக்கே மார்க் ஏறும். அவங்க கிட்டாரிஸ்ட் டோனி ஐயோமி பர்மிங்காம்ல தகடு பட்டறைல வேல பாத்தவரு. 17 வயசுல, அங்க கடைசி நாள் வேல, மிசின்ல மாட்டி வலது கையில ரெண்டு வெரலு நுனி போயிருச்சு. அவரு எடது கைக்காரரு, அதனால கம்பிய அழுத்தறதே அந்தக் கைதான். பிளாஸ்டிக் பாட்டில உருக்கி வெரலுக்கு தொப்பி மாதிரி செஞ்சு மாட்டிக்கிட்டு, லேசான கம்பி போட்டு வாசிச்சாரு, அப்பறம் 1971ல மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி ஆல்பத்துல சில பாட்டுக்கு கிட்டார் ட்யூனிங்கயே ஒன்றரை ஸ்டெப் எறக்கிட்டாங்க. அந்த கனமான சவுண்டு இப்படி வந்ததுதான். பவர் பிரஸ்ல வெரலு போனவங்க எங்க பக்கம் தெருவுக்கு ஒருத்தர் இருக்கறாங்க, அதனாலயோ என்னமோ எனக்கு அத கேக்கறப்ப வெளிநாட்டுப் பாட்டுன்னே தோணாது.

அதுக்காக மெட்டல்ல எல்லாமே 9ன்னு சொல்லல. மெட்டாலிகா பேண்டோட 2008 ஆல்பம் டெத் மேக்னடிக் எடுத்துக்கோங்க, சத்தத்த ஏத்தி ஏத்தி நசுக்கி வெச்சிருப்பாங்க, ட்ரம்ஸ் அடி ஒடஞ்சு கரகரன்னு கேக்கும், கிட்டார் ஹீரோ கேம்ல வந்த அதே பாட்டுங்க இத விட சுத்தமா இருந்துச்சுன்னு ரசிகருங்களே சண்டைக்குப் போனாங்க. இன்னொன்னுங்க, ரெண்டு ஆல்பத்த ஒப்பிட்டா வால்யூமச் சமமா வெச்சுக் கேளுங்க. சத்தம் கொஞ்சம் எச்சா இருந்தாலே காதுக்கு அதுதான் நல்லா இருக்கற மாதிரி தோணும்.

காவிரிக்கரை_வயலின் (ஈரோடு)

தம்பி, கச்சேரி ரெக்கார்டிங்கப் பாட்டுப் பாட்டா உடைக்காதீங்க. இப்ப மேடையில பாடற வரிசை அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் கட்டிக் குடுத்தது: வர்ணத்துல சூடு புடிச்சு, சின்னச் சின்ன கீர்த்தனையா நகந்து, நடுவுல ஒரு பெரிய ராகம், அதோட தனி ஆவர்த்தனம் (மிருதங்கக்காரங்க தனியா வாசிக்கறது), கடைசியில துக்கடா (சின்ன லேசான பாட்டுங்க). உங்களுக்கு முக்காமணி நேரம் ஓடினது அந்தப் பெரிய ஐட்டமா இருக்கும். ஒட்டுமொத்த கச்சேரியும் அதுக்காகத்தான் நடக்குது, அதுக்கும் அஞ்சு நிமிச வர்ணத்துக்கும் ஆவரேஜ் எடுத்தா எப்படிங்க?

புதுசா கேக்கறவங்க ரெண்டு விசயத்தக் கவனிச்சாப் போதும். ஆலாபனை (பாட்டு வரி இல்லாம ராகத்த விரிச்சுப் பாடறது) ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல ராகத்தோட முகம் தெரியுதா, இல்ல பாடகர் இன்னும் தேடிக்கிட்டு இருக்கறாரா. கல்பனாஸ்வரம் (அப்பவே கற்பனையா பாடற சரிகம) சுத்திட்டு வந்து பாட்டோட எடுப்புல (வரி ஆரம்பிக்கற எடத்துல) சுளுவா விழுகுதா, இல்ல கணக்குக்காக இழுத்து வந்து சேத்தினாங்களா. ராகம் பேர் தெரியாமயே இத ரெண்டும் காதுக்குப் புடிபடும்.

கைண்ட் ஆஃப் புளூவுக்குச் சும்மா 8 போட்டது எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. நம்ம காதுக்கு அது ஒன்னும் தூரமில்லீங்க. 1959ல ரெண்டே நாள்ல ரெக்கார்ட் பண்ணினது. மொத பாட்டுல 16 பார் (தாளத்துல ஒரு சுத்து ஒரு பார்) ஒரு ஸ்கேல், 8 பார் அரை ஸ்வரம் மேல, திரும்ப 8 பார் பழைய எடம், அவ்ளோதான் சட்டம், மத்ததெல்லாம் அவங்கவங்க கற்பன. கார்டு (சேத்து வாசிக்கற ஸ்வரக் கொத்து) ஓட்டம் கம்மி, அதனால ஒரே சுரக்கட்டுல நின்னு நிதானமா யோசிக்கறாங்க. ராகம்னு சொல்ல மாட்டேன், கமகமும் (ஸ்வரத்த அசைச்சுப் பாடறது) இல்ல பிடியும் (ராகத்தக் காட்டற சின்னத் துண்டு) இல்ல, ஆனா ஆலாபனை கேட்டுப் பழகினவங்களுக்கு வாசப்படி அங்கதான் இருக்கு. அதுல சாக்ஸபோன்காரர் கோல்ட்ரேன் வாசிக்கறதயும் மைல்ஸ் வாசிக்கறதயும் மட்டும் தனியாப் பிரிச்சுக் கேட்டுப் பாருங்க, ஒருத்தர் கொட்டறாரு, இன்னொருத்தர் எண்ணி எண்ணி வெக்கறாரு. இது கூட வயலின்ல சேந்து வாசிக்கறவங்களுக்கு ஒரு சின்னத் தகவல், டேப் மிசின் வேகக் கோளாறால மொத சைடு பாட்டெல்லாம் பழைய பிரிண்ட்ல ஸ்ருதி கொஞ்சம் மேல இருக்கும், 90கள்லதான் சரி பண்ணி விட்டாங்க.

அது சரி, இளையராஜாவோட 1986 ஹவ் டு நேம் இட் ஆல்பத்த எந்த ஷீட்ல போடுவீங்க? தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் (Bach) அவருக்கும் சேத்துச் சமர்ப்பணம் பண்ணினது, வயலின் வி.எஸ்.நரசிம்மன். லிரிக்ஸ் காலத்தப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பீங்க :)

மைக்செட்_பொள்ளாச்சி

எல்லாரும் ஹெட்போன்லயே பேசறீங்க. ஆல்பம்ங்கற சைஸே எல்பி தட்டு ஒரு பக்கத்துக்கு இருவது இருவத்திரண்டு நிமிசம் புடிச்சதால வந்த சைஸுங்க. அதுக்குன்னு செஞ்ச இசைக்கு அந்த அளவுகோல் சரி. நம்ம கொங்கு நாட்டு நாட்டுப்புறக் கதையான அண்ணன்மார் கதைய உடுக்கடிச்சுப் பாடினத பிரெண்டா பெக்குன்னு கனடாக்கார அம்மா 1965ல காங்கேயம் பக்கம் டேப்புல புடிச்சாங்க, பல ராத்திரி பாடினது அது. அத எந்த ஷீட்ல ஏத்துவீங்க?

எங்கூரு நோம்பிக்கு (கோயில் திருவிழாவுக்கு) வர்ற ஜமாப் மேள செட்ட எவனாச்சும் போன்ல புடிச்சு யூடியூப்ல போடுவான், கேட்டா ஒரே டமடமா. மண்டைக்குள்ள எறங்கற அந்த அடி போன் மைக்குல ஏறவே ஏறாது. எதுக்காகச் செஞ்சதுன்னு பாக்காம மார்க் போட்டா தப்பாத்தான் வரும்.

லேத்துப்பட்டறை_மெட்டல்

அண்ணா அப்படிப் பாத்தா எதையுமே குத்தம் சொல்ல முடியாதுங்களே, எல்லாத்துக்கும் அது அதோட எடத்துல கேக்கோணும்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம்.

மைக்செட்_பொள்ளாச்சி

யாருங்க சொன்னா? ஜமாப்புலயும் நல்ல செட்டு இருக்கு, ஒதவாத செட்டும் இருக்கு. கோயல் திண்ணையில உக்காந்திருக்கற பெருசுக ரெண்டு நிமிசத்துல சொல்லிப்போடும், பெரிய மேளம் முந்துது, கூட அடிக்கறவன் சேரலன்னு. அடுத்த வருசம் அந்த செட்ட கூப்பட மாட்டாங்க, அதுதான் மார்க்கு. அவங்க அத இன்னொரு ஜமாப்போட ஒப்பிடறாங்க, உங்க மெட்டாலிகாவோட இல்ல.

ஓரமா_நிக்கறவன்

மார்க்கே வேண்டாம்னு சொன்னா அடிக்க வருவீங்களா? நெம்ப நாளா இந்த மாதிரி குரூப் எல்லாம் பாத்துட்டேன், மார்க் போட ஆரம்பிச்சா மொத பாட்டு ஓடறப்பவே மனசு நம்பர் தேட ஆரம்பிச்சிருது.

பனியன்சிட்டி_ஹெட்போன்

எல்லாருக்கும் நன்றிங்க. மார்க்க விட முடியாதுங்க, மார்க் இருந்தாத்தான் எங்க பசங்க முழுசா கேப்பாங்க, இல்லைன்னா மூணாவது பாட்டுலயே நல்லா இருக்குடான்னு தாட்டி விட்டுருவாங்க. ஆனா லிரிக்ஸ் காலத்தத் தூக்கிட்டேன். மெலடிய எடுத்துட்டு, இவங்க என்ன பண்ணப் பாத்தாங்க, அது ஆச்சான்னு ஒரு காலம். ஆல்பம் சொல்றவனே அதே வகையில இன்னும் ரெண்டு ஆல்பமும் சேத்துச் சொல்லோணும், அதையும் கேட்டுட்டுத்தான் மார்க்கு. சப்பாத் மறுபடியும் ஓடிட்டு இருக்கு, இப்பத்திக்கு 6, லேத்து அண்ணன் கோவிச்சுக்காதீங்க. இந்த வாரம் கவ்வாலி (சூஃபி பக்திப் பாட்டு), நுஸ்ரத் ஃபதே அலி கான் பாடின மஸ்த் மஸ்த், 1990ல வந்தது.

காவிரிக்கரை_வயலின்

அதுல ஆரம்பிக்காதீங்க தம்பி. அது மைக்கேல் புரூக்ங்கற கிட்டாரிஸ்ட் கூடச் சேந்து பண்ணின ஃப்யூஷன் (கலப்பு இசை), அதக் கேட்டுட்டு கவ்வாலிக்கு மார்க் போட்டா அடுத்த பஞ்சாயத்து. 1985ல பாரிஸ்ல பாடின கச்சேரி ரெக்கார்டிங் இருக்கு, கைத்தட்டு, ஆர்மோனியம், தபலா, பின்பாட்டுக்காரங்கன்னு முழுக் கூட்டமும் இருக்கும். மொத அது, மஸ்த் மஸ்த் அப்பறம் கேளுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க, ஹெட்போன் வேண்டாம்.