திருவருகைக் காலத்தில் கொடுத்ததும் வாங்கியதும்: நம் கன்னியாகுமரி மாவட்டத்து அனுபவங்கள்

தக்கலைப் பக்கம், கத்தோலிக்கப் பங்கில் அன்பியப் (அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு) பொறுப்பில் இருப்பவர்:

கிறிஸ்துமஸுக்காகக் காத்திருக்கிற நான்கு ஞாயிறுகள்தான் திருவருகைக் காலம். அதன் முதல் ஞாயிறு வந்தாலே எனக்கு 2017 தான் ஞாபகத்துக்கு வரும். நவம்பர் 30, வியாழக்கிழமை ஒக்கிப் புயல் அடித்தது. எங்கள் ஊரில் ரப்பரும் வாழையும் கூட்டமாகச் சாய்ந்தன. கரண்ட் கம்பங்கள் ரோட்டின் குறுக்கே கிடந்தன. டிசம்பர் 3, ஞாயிறு. கோட்டாறு சவேரியார் திருவிழாவும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறும் அந்த வருஷம் ஒரே நாளில் வந்தன. கரண்ட் இல்லாத கோவிலில், ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றுகிற நான்கு மெழுகுதிரியில் முதல் ஊதாத் திரியை ஏற்றினோம். அன்றைய நற்செய்தி மாற்கு 13, ‘விழிப்பாயிருங்கள்’ என்ற பகுதி. எத்தனையோ தடவை கேட்டதுதான். ஆனால் அந்த நேரத்தில் தூத்தூர் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் பெண்கள் மூன்று ராத்திரியாகக் கண்மூடாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரசங்கம் எதுவும் தேவைப்படவில்லை.

அந்த வாரமே அன்பியங்களில் அரிசி, சேலை, போர்வை என்று சேர்த்து ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். ஒரு வீட்டில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு அக்கா. வீட்டுக்காரர் ஆழ்கடல் தங்கலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கப் போனவர், தகவல் இல்லை. திண்ணையில் எங்களுக்கு முன்பே வந்தவர்கள் கொடுத்த அரிசிப் பைகளும், கவர் பிரிக்காத சேலைகளும் அடுக்கியிருந்தன. நாங்களும் எங்கள் பையை அதன் மேலேயே வைத்தோம். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. என்னிடம் மெதுவாக, “அண்ணே, உங்க வண்டியில போன் சார்ஜ் போட முடியுமா?” என்று கேட்டார்.

எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் அவரே சொன்னார். காற்று அடித்துக்கொண்டு போன படகுகள் சில லட்சத்தீவிலும் மகாராஷ்டிராவிலும் கரை சேர்ந்ததாகத் தகவல் வந்திருந்தது. கரை சேர்ந்தவர்கள் அங்கே யாரிடமாவது போனை வாங்கி, மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பருக்குக் கூப்பிடுகிறார்கள். இங்கே கரண்ட் இல்லை. அந்த மனுஷன் கூப்பிடுகிற நேரத்தில் வீட்டுப் போன் செத்துக் கிடந்தால்?

வேனை அங்கேயே நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, இரண்டு இரண்டு போனாகச் சார்ஜ் போட்டோம். பத்து நிமிஷத்தில் தெருவே கூடிவிட்டது. மறுநாள் எங்கள் ஊர் மைக்செட்காரரிடம் போய் ஜெனரேட்டர் கேட்டேன். அவர் இந்து. திருவிழாவுக்கும் கோவில் கொடைக்கும் ஒரே ஜெனரேட்டர்தான் அவரிடம். எதற்கு என்று கேட்டதும், வாடகை பேசாமல் வயரையும் பிளக் போர்டுகளையும் வண்டியில் ஏற்றி, தானும் உட்கார்ந்துகொண்டார். அந்தத் தெருவில் ஒரு பெஞ்சு போட்டு வரிசையாகப் போன்களை அடுக்கி, எது யாருடையது என்று பிளாஸ்திரியில் பெயர் எழுதி ஒட்டினோம். அடுத்த ஞாயிறு வாசகம் எசாயா 40, ‘ஆறுதல் கூறுங்கள்’. எனக்கு அந்த பெஞ்சுதான் கண்முன் நின்றது.

அதிலிருந்து நான் எந்த வீட்டுக்கும் பையைத் தூக்கிக்கொண்டு முதலில் போவதில்லை. போய் உட்காருவேன். என்ன எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் மற்றது. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கும், எழுதுங்கள்.

நாகர்கோவில், பள்ளி ஆசிரியை:

உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் செய்ய முடியவில்லை, அண்ணா. என்னுடையது சின்ன விஷயம்.

நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. பல வருஷமாக டிசம்பர் இரண்டாவது ஞாயிறு ஒரு பிள்ளைகள் இல்லத்துக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோவோம். ஒரு தடவை நாங்கள் போய் இறங்கும்போது வேறு ஒரு குழு பிரியாணி அண்டாவை இறக்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் ஏற்கெனவே காலையில் ஒரு குழுவின் கேக்கும் பப்ஸும் தின்று முடித்திருந்தார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் பிள்ளைகள் வரிசையில் நின்று ஒரு பாட்டுப் பாடி நன்றி சொல்ல வேண்டும். மூன்றாவது தடவையாகப் பாட நின்ற ஒரு சின்னப் பெண், நின்றபடியே தூங்கி விழுந்தாள்.

அன்று இல்லத்தைப் பார்த்துக்கொள்கிற அக்காவிடம் தனியாகப் பேசினேன். டிசம்பரில் தினமும் ஆள் வருவார்கள், பள்ளிக்கூடம் திறக்கிற ஜூனில் யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள் என்றார். ஜூனில் என்ன வேண்டும் என்று கேட்டேன். செருப்பு, உள்ளாடை, பெரிய பெண்களுக்கு நாப்கின், ஜியாமெட்ரி பாக்ஸ். யாரும் மேடையில் வைத்துக் கொடுக்க விரும்பாத சாமான்கள்.

இப்போது எங்கள் வீட்டில் திருவருகைக் காலத்து நான்கு ஞாயிறும் மெழுகுதிரி ஏற்றும்போது ஒரு பழைய பிஸ்கட் டின்னில் பணம் போடுகிறோம். அது ஜூன் முதல் வாரம் வரை அப்படியே இருக்கும். ஆறு மாதம் அதைத் தொடாமல் வைத்திருப்பது என் பிள்ளைகளுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் நல்லது என்று நினைக்கிறேன். அளவு தெரிந்துகொள்ள மே மாதமே ஒவ்வொரு பிள்ளையின் பாதத்தையும் பேப்பரில் வரைந்து வாங்குவோம்.

மெழுகுதிரி வளையத்தின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். 1839இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் யோகான் ஹின்ரிக் விக்கர்ன் என்ற சபைப் போதகர் ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு இல்லம் நடத்திவந்தார். கிறிஸ்துமஸ் வந்துவிட்டதா, வந்துவிட்டதா என்று பிள்ளைகள் தினமும் கேட்க, ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் ஞாயிறுக்குப் பெரிய மெழுகுதிரியும் மற்ற நாளுக்குச் சின்னதுமாக வைத்து, தினம் ஒன்றாக ஏற்றினார். இன்று நம் கோவில்களில் நான்கு மெழுகுதிரியோடு இருக்கிற வளையம் அங்கேயிருந்து வந்தது. காத்திருக்கிற பிள்ளைகளின் கேள்விக்கு ஒருவர் காதுகொடுத்ததால் வந்தது.

குலசேகரம், ரப்பர் விவசாயி:

எனக்கு நீளமாக எழுத வராது. எங்கள் தோட்டத்தில் பால் வெட்டுகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெட்டு பாதி நாள் நடக்காது, வெட்டு இல்லாத நாளில் கூலி இல்லை. நான் வழக்கமாக கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அவருக்கு வேட்டி சட்டையும் கேக்கும் கொடுப்பேன். ஒருநாள் மழையில் கடையில் நின்றபோது, அவர் கடைக்காரரிடம் தவணை கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. நானும் மெல்ல நகர்ந்துவிட்டேன்.

இரண்டு அங்கி உடையவர் இல்லாதவரோடு பகிரட்டும் என்று திருமுழுக்கு யோவான் சொன்னதைத் திருவருகைக் காலத்தில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அந்த வருஷத்திலிருந்து மழையால் வெட்டு நின்ற நாளுக்கும் பாதிக் கூலி என்று வைத்துக்கொண்டோம். தானமாக இல்லை, கூலிக் கணக்கிலேயே சேர்த்து, வாராவாரம். கிறிஸ்துமஸ் அன்று காலை அவர் ஒரு குலை மட்டிப்பழத்தோடு வந்து நின்றார். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், என் அம்மை பின்னாலிருந்து, “மக்கா, வாங்கு” என்றாள். வாங்கினேன். அந்த முற்றத்தில் நாங்கள் இரண்டு பேரும் சமமாக நின்ற முதல் நாள் அது என்று எனக்குத் தோன்றியது.

மார்த்தாண்டம், பாடகர் குழுவில் இருப்பவர்:

கரோல் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள் மட்டும். பிள்ளைகள் எல்லாம் வளைகுடாவில், தனியாக இருக்கிற ஒரு பாட்டி வீட்டில் அவசரமாக இரண்டு பாட்டுப் பாடிவிட்டு உண்டியலை நீட்டினோம். காணிக்கை போட்டுவிட்டு, “நான் ஒரு பாட்டுப் பாடட்டா?” என்று கேட்டார். நாலு சரணமும் பாடினார், ஒரு வரிகூட மறக்கவில்லை. அடுத்த வீடுகளுக்கு அன்று நேரமில்லாமல் போனது. இப்போது ஒரு ராத்திரிக்குப் பத்து வீடு போதும் என்று முடிவு செய்திருக்கிறோம்.

நாகர்கோவில் ஆசிரியை:

தக்கலை அண்ணா, கேட்கலாமா என்று தெரியவில்லை. அந்த அக்காவுக்குப் போன் வந்ததா?

தக்கலைப் பக்கத்தவர்:

அந்த பெஞ்சில் இருந்த போன்களில் ஒன்று மூன்றாம் நாள் அடித்தது. மகாராஷ்டிராக் கரையிலிருந்து, மூன்று வீடு தள்ளி இருந்த ஒருவரின் மகன். தெரு முழுக்க அழுதது. இந்த அக்காதான் ஓடிப்போய் அந்தத் தாயைக் கட்டிப்பிடித்தார். அவருக்கு வரவில்லை. வீட்டுக்காரர் திரும்பவே இல்லை.

வருஷா வருஷம் முதல் ஞாயிறு சாயங்காலம் நான் அவரைக் கூப்பிடுவேன். பெரிதாக ஒன்றும் பேசமாட்டோம். மழை எப்படி, பையன் எப்படி, அவ்வளவுதான். பையன் இப்போது வேலைக்குப் போகிறான், அம்மைக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுத்திருக்கிறான். நான் இன்னும் அதே நம்பருக்குத்தான் கூப்பிடுகிறேன். சிம்மை மட்டும் அவர் மாற்றவிடவில்லை.